காக்ளியர் கருவியும் கேட்கக் கற்றலும்

காக்ளியர் இம்ப்ளான்ட் என்று மருத்துவமனைகளில் வழங்கும் காக்ளியர் கருவி, உட்செவியிலுள்ள காக்ளியாவுக்குள் மின்முனைகளைச் செலுத்தி, செவிநரம்பை நேரடியாக மின்துடிப்புகளால் தூண்டிக் கேட்கும் உணர்வைத் தரும் கருவியாகும். காதில் மாட்டும் சாதாரணச் செவித்துணைக் கருவி ஒலியைப் பெருக்கித் தருகிறது. காக்ளியர் கருவி ஒலியை மின்துடிப்பாக மாற்றி, பழுதான உறுப்பைத் தாண்டி நரம்பிடம் சேர்க்கிறது. மனிதப் புலன் ஒன்றுக்கு மாற்றாக அமைந்த முதல் மின்னணுக் கருவி இதுவே.

ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்து கருவியை இயக்கிய உடனே பேச்சு விளங்கிவிடுவதில்லை. முதல் நாளில் பெரும்பாலோருக்குக் கேட்பவை பீப் ஒலிகளும் கரகரப்பும் கீச்சுக் குரல்களுமே. அவை சொற்களாகத் தெளிய வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. இதை முன்கூட்டி அறியாதவர்கள் கருவி பழுது என்றோ சிகிச்சை தோற்றது என்றோ எண்ணி மனம் தளர்வதுண்டு. காதுக்குள் மின்முனை வைப்பது ஒரு பாதி வேலை, அதைக் கொண்டு கேட்கக் கற்பது மறுபாதி. இந்த உண்மை எவ்வாறு படிப்படியாகத் தெரியவந்தது என்பதே காக்ளியர் கருவியின் வரலாறு.

இயல்பாகக் கேட்கும் முறை

ஒலியலைகள் செவிப்பறையை அதிரச் செய்கின்றன. நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் அந்த அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும் உறுப்பே காக்ளியா. நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளமிருக்கும். அதனுள் உள்ள திரவத்தின் அசைவை மயிரணுக்கள் எனப்படும் நுண்ணிய உணர்வுச் செல்கள் மின் சைகைகளாக மாற்றுகின்றன. ஏறக்குறைய 30,000 இழைகள் கொண்ட செவிநரம்பு அவற்றை மூளைக்குக் கொண்டு செல்கிறது.

காக்ளியாவில் ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கு உரியது. ஆர்மோனியத்தின் கட்டைகள் ஒரு முனையில் தாழ்ந்த சுரமும் மறுமுனையில் உயர்ந்த சுரமுமாக வரிசையில் அமைந்திருப்பது போல, காக்ளியாவின் அடிப்பகுதி உயர்ந்த ஒலிகளையும் உச்சிப்பகுதி தாழ்ந்த ஒலிகளையும் ஏற்கிறது. காக்ளியாவினுள் அலை பரவும் முறையை ஆராய்ந்த கியார்க் வான் பெக்கெசி 1961ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

மனிதரில் மயிரணுக்கள் இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கடுமையான காது கேளாமை பலவற்றுக்கு இதுவே காரணம். ஆயினும் அவற்றுக்கு அப்பாலுள்ள நரம்பிழைகள் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். எஞ்சிய அந்த நரம்பை மின்சாரத்தால் தூண்ட முடியுமா என்ற வினாவிலிருந்து இவ்வரலாறு தொடங்குகிறது.

தொடக்க முயற்சிகள்

மின்கலத்தைக் கண்டுபிடித்த இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா, தம் இரு காதுகளிலும் உலோகக் கம்பிகளை வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். தலைக்குள் ஓர் அதிர்ச்சியும், பின்னர் கெட்டியான கூழ் கொதிப்பது போன்ற சடசடப்பும் கேட்டதாக 1800ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். ஆபத்து என அஞ்சி அச்சோதனையை அவர் தொடரவில்லை.

1957 பிப்ரவரி 25 அன்று பாரிசில், உடலியங்கியல் அறிஞர் ஆந்திரே ஜூர்னோவும் அறுவை மருத்துவர் சார்ல் ஐரியேசும் இரு காதும் முற்றிலும் கேளாத ஒருவரின் செவிநரம்பருகே மின்சுருள் ஒன்றைப் பொருத்தினர். அவருக்கு வண்டுகள் ரீங்கரிப்பது போன்ற ஒலிகள் கேட்டன. அதன்பின் பல மாதங்கள் பேச்சுப் பயிற்சி அளிக்கப்பட்டது. முடிவில் சுற்றுப்புற ஒலிகள் சிலவற்றையும், முன்கூட்டித் தெரிவித்த சிறு பட்டியலிலிருந்து 'பப்பா', 'மமான்', 'அலோ' போன்ற சில சொற்களையும் அவரால் பிரித்தறிய முடிந்தது. தொடர்ந்து வந்த பேச்சு விளங்கவில்லை. பொருத்திய கருவி பழுதடைந்தது. மாற்றிப் பொருத்தியதும் பழுதடையவே முயற்சி கைவிடப்பட்டது. மின்சாரத்தால் கிடைக்கும் ஒலி பழகப்பழகப் பொருள் பெறும் என்பதற்கான முதல் அடையாளம் அந்தச் சில சொற்களில் இருந்தது.

ஒற்றை மின்முனைக் காலம்

பாரிஸ் முயற்சி பற்றிய செய்தியை நோயாளி ஒருவர் மூலம் அறிந்த லாஸ் ஏஞ்சல்ஸ் காது மருத்துவர் வில்லியம் ஹவுஸ், 1961இல் தம் முதல் கருவிகளைப் பொருத்தினார். உடல் அவற்றை ஏற்காததால் விரைவில் அகற்ற வேண்டியதாயிற்று. விடாமல் முயன்ற அவர், பொறியாளர் ஜாக் அர்பனுடன் சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் உடலில் அணிந்து செல்லத்தக்க ஒற்றை மின்முனைக் கருவியை உருவாக்கினார்.

அறிவியல் உலகில் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. பல்லாயிரம் நரம்பிழைகள் செய்யும் வேலையை ஒரு கம்பி செய்ய முடியாது என்பது அறிஞர்களின் வாதம். இதைத் தீர்க்க அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பில்கர் தலைமையில் கருவி பொருத்திய 13 பேர் சோதிக்கப்பட்டனர். 1977இல் முடிவு வெளியானது. கருவியை மட்டும் கொண்டு எவராலும் பேச்சைப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆனால் உதட்டசைவைப் பார்த்துப் பேச்சறிவது அவர்களுக்கு எளிதாகியிருந்தது. தம் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தவும் முடிந்தது.

இந்த உதவியின் அருமையைத் தமிழ் எடுத்துக்காட்டுகளால் உணரலாம். 'படம்', 'மடம்' என்ற சொற்களைச் சொல்லும்போது உதடுகள் ஒன்றுபோலவே மூடித் திறக்கின்றன. உதட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. 'படம்', 'பாடம்' என்பவற்றின் வேறுபாடு, குறிலும் நெடிலும் ஒலிக்கும் கால அளவில் உள்ளது. சொல்லை அடையாளம் காட்டாத வெறும் ஒலித்துடிப்பும்கூட அந்தக் கால அளவைத் தெரிவித்துவிடும். கண் தரும் பாதிச் செய்தியோடு காது தரும் சிறு குறிப்பு சேரும்போது சொல் பிடிபடுகிறது.

ஹவுசின் கருவிக்கு 1984 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் வழங்கியது.

மெல்போர்ன், 1978

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் கேம்டன் என்னும் சிற்றூரில் 1935இல் பிறந்தவர் கிரேம் கிளார்க். மருந்துக்கடை வைத்திருந்த அவர் தந்தைக்குக் காது சரியாகக் கேளாது. வாடிக்கையாளர்கள் பிறர் முன்னிலையில் தம் தேவைகளை உரக்கச் சொல்ல வேண்டிய சங்கடத்தைச் சிறுவனாக இருந்தபோதே கிளார்க் கண்டார். பின்னாளில் காது மருத்துவராகி, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆய்வுக்குப் பணம் போதாமல், தொலைக்காட்சி வழி பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியும் பணியைத் தொடர்ந்தார்.

பல மின்முனைகள் கொண்ட கம்பியைச் சுருண்ட காக்ளியாவுக்குள் சேதமின்றிச் செலுத்துவது பெரிய சிக்கலாக இருந்தது. 1977இல் மின்னமுரா கடற்கரையில் விடுமுறையைக் கழித்தபோது, காக்ளியாவைப் போலச் சுருண்ட கடற்சங்கு ஒன்றுக்குள் புல்லிதழ்களை நுழைத்துப் பார்த்தார். நுனி நெகிழ்ந்தும் அடி விறைத்தும் இருந்த புல் எளிதாக உள்ளே சென்றது. மின்முனைக் கம்பியும் அவ்வாறே அமைக்கப்பட்டது.

1978 ஆகஸ்ட் 1 அன்று மெல்போர்னின் ராயல் விக்டோரியன் கண், காது மருத்துவமனையில் ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பல மின்முனைக் கருவி பொருத்தப்பட்டது. கார் விபத்தில் தலையில் அடிபட்டுக் கேட்கும் திறனை முற்றிலும் இழந்தவர் அவர். காயம் ஆறியபின் நடந்த முதல் சோதனையில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. சோதனைக் கருவியில் இருந்த பழுது கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்ட பிறகே ஒலி கேட்டது. பின்னொரு நாள் அன்றைய ஆஸ்திரேலிய நாட்டுப்பண்ணின் மெட்டை மின்துடிப்புகளாக அனுப்பினர். சாண்டர்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்து விறைப்பாக நின்றார். மெட்டை அவர் அடையாளம் கண்டுகொண்டதை வேறு சான்றின்றி அனைவரும் அறிந்தனர்.

ஆயினும் பேச்சு அப்போதும் விளங்கவில்லை. இயற்கையான காக்ளியா செய்வது போல ஒலியைப் பல அதிர்வெண்களாகப் பிரித்து, எல்லா மின்முனைகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிப் பார்த்தனர். அருகருகே பாய்ந்த மின்னோட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து குழப்பமே மிஞ்சியது. பின்னர் மின்முனைகளை ஒவ்வொன்றாகத் தூண்டி, கேட்பது எப்படி இருக்கிறது என்று சாண்டர்சிடமே கேட்டனர். ஒவ்வொன்றும் ஓர் உயிரெழுத்தின் ஒலியை ஒத்திருப்பதாக அவர் கூறினார். இதுவே திருப்புமுனை. உயிரொலிகளை வேறுபடுத்துவதில் முக்கியப் பங்குள்ள ஓர் அதிர்வெண்ணையும், குரலின் சுருதியையும் மட்டும் பேச்சிலிருந்து பிரித்தெடுத்து அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில், உதட்டைப் பார்க்காமல், முன்கூட்டித் தெரிவிக்காத சொற்களில் சிலவற்றைச் சாண்டர்ஸ் சரியாகத் திருப்பிச் சொன்னார். கிளார்க் அடுத்த அறைக்குச் சென்று மகிழ்ச்சியில் அழுததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1979இல் இரண்டாவதாகக் கருவி பெற்ற ஜார்ஜ் வாட்சன் பல ஆண்டுகளாகக் காது கேளாதிருந்தவர். அவருக்கும் பேச்சு விளங்கியது. ஒருமுறை மொழியைக் கேட்டு வளர்ந்தவரின் மூளையில் பேச்சொலிகளின் நினைவு நெடுங்காலம் அழியாதிருக்கும் என்பது இதனால் தெளிவாயிற்று. மெல்போர்ன் ஆய்விலிருந்து உருவான 22 மின்முனைக் கருவிக்கு 1985இல் பெரியவர்களுக்கும், 1990இல் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

வியன்னாவும் வட கரோலைனாவும்

இதே காலத்தில் ஆஸ்திரியாவில் இங்கபோர்க் ஹாக்மெயர், எர்வின் ஹாக்மெயர் என்ற பொறியாளர் தம்பதியர் தனியாக ஒரு பல மின்முனைக் கருவியை உருவாக்கினர். அது 1977 டிசம்பரில் வியன்னாவில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

அமெரிக்காவின் வட கரோலைனாவில் பிளேக் வில்சன் குழுவினர் மின்முனைகளைத் தொடவில்லை. ஒலியை மின்துடிப்பாக்கும் கணக்கீட்டு முறையை மாற்றினர். துடிப்புகள் ஒரே நேரத்தில் மோதாமல், மிக வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு மின்முனைகளுக்குச் செல்லுமாறு செய்தனர். ஏற்கெனவே கருவி பயன்படுத்தி வந்தவர்களுக்கு, காதுக்குள் இருந்த அதே மின்முனைகளைக் கொண்டே பேச்சு முன்னினும் தெளிவாக விளங்கியது. இம்முடிவு 1991இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. இன்றைய கருவிகளின் செயல்முறைகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை. கிளார்க், இங்கபோர்க் ஹாக்மெயர், வில்சன் ஆகிய மூவருக்கும் 2013ஆம் ஆண்டு லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

முதல் நாள் ஒலி

இன்றைய நடைமுறையில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் காயம் ஆறச் சில வாரங்கள் விடுவர். அதன்பின் ஒலிவாங்கியும் பேச்சுச் செயலியும் கொண்ட வெளிப்பகுதி காதருகே அணிவிக்கப்படுகிறது. தோலுக்கு அடியிலுள்ள உட்பகுதியோடு அது காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே கம்பி கிடையாது. செய்தியும் மின்னாற்றலும் தோல் வழியே வானொலி அலையாகச் செல்கின்றன.

ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் வல்லுநர் ஒவ்வொரு மின்முனையிலும் எவ்வளவு மின்னோட்டத்தில் ஒலி மெல்லக் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவு வரை கூசாமல் கேட்க முடிகிறது என்று அளக்கிறார். இந்த அளவுகளைச் செயலியில் பதிப்பதே 'மேப்பிங்'. நரம்பும் மூளையும் பழகுவதற்கேற்ப இவ்வளவுகள் மாறும். எனவே தொடக்க மாதங்களில் மேப்பிங் பலமுறை திருத்தப்படுகிறது.

முதல் நாள் ஆண்குரல், பெண்குரல், குழந்தைக் குரல் எல்லாம் ஒன்றுபோலக் கீச்சென்று கேட்கலாம். காகிதத்தின் சரசரப்பு, மின்விசிறியின் இரைச்சல், குக்கரின் விசில், பாத்திரம் உருளும் சத்தம் எல்லாம் ஒரே வலிமையோடு வந்து மோதும். எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று மூளை இன்னும் பிரித்துக்கொள்ளாத நிலை அது. அதனால் மாலைக்குள் பலருக்குக் களைப்பு மிகுந்துவிடும்.

குரல் கீச்சென்று ஒலிப்பதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் உண்டு. மின்முனைக் கம்பி பெரும்பாலும் காக்ளியாவின் உச்சி வரை செல்வதில்லை. ஆகவே தாழ்ந்த ஒலிக்குரிய செய்தி, முன்பு உயர்ந்த ஒலியை ஏற்றுவந்த இடத்தில் சேர்கிறது. கட்டைகள் இடம் மாறிய ஆர்மோனியத்தில் பழைய பாட்டை வாசிப்பதற்கு இதை ஒப்பிடலாம். வாசிப்பவர் புதிய இடங்களுக்கு விரல்களைப் பழக்குவது போல, மூளையும் புதிய வரிசையைக் கற்க வேண்டியிருக்கிறது.

மூளையின் பங்கு

இதைச் சோதிக்கக் காது நன்றாகக் கேட்பவர்களிடமே ஆய்வுகள் நடந்தன. 1995இல் ராபர்ட் ஷானனும் அவருடன் பணியாற்றியோரும் பேச்சின் நுண்கூறுகளை நீக்கி, நான்கே அதிர்வெண் பட்டைகளில் இரைச்சலாக மாற்றிக் கேட்கச் செய்தனர். பழகிய பின் கேட்டவர்கள் வாக்கியங்களை ஏறக்குறைய முழுமையாகப் புரிந்துகொண்டனர். செய்தி குறைவாக இருந்தாலும் மூளை நிரப்பிக்கொள்ளும் என்பது இதனால் உறுதியாயிற்று.

1999இல் இலண்டனில் ஸ்டுவர்ட் ரோசன் குழுவினர் இத்தகைய பேச்சை, மின்முனை ஆழமாகச் செல்லாதபோது நேர்வது போல, மேல் அதிர்வெண்களுக்கு இடம் மாற்றிக் கொடுத்தனர். முதலில் வாக்கியங்களிலுள்ள சொற்களில் நூற்றுக்கு ஒன்றுகூட விளங்கவில்லை. 20 நிமிட அமர்வுகள் ஒன்பது, அதாவது மொத்தம் மூன்று மணி நேரப் பயிற்சிக்குப் பின், சுமார் 30 விழுக்காடு விளங்கியது. முதல் நாள் தோல்வியைக் கொண்டு கருவியின் பயனை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெரியவர்களிடம் முன்னேற்றம் முதல் சில மாதங்களில் வேகமாகவும், பின்னர் ஓராண்டு வரையும் அதற்கு மேலும் மெதுவாகவும் நிகழ்கிறது. பயிற்சி எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்கிறது. ஒலி உண்டா இல்லையா என்பது முதற்படி. ஒரு சொல்லில் எத்தனை அசைகள் என்று எண்ணுவது அடுத்தது. பிறகு வீட்டார் பெயர்கள், கிழமைகள், எண்கள் போன்ற தெரிந்த பட்டியலிலிருந்து ஒன்றைக் கண்டறிவது. ஒருவர் வாசிக்க, அதே பக்கத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து கேட்பதும் நல்ல பயிற்சி. முகம் பார்க்க முடியாத தொலைபேசிப் பேச்சு கடைசியில் வருகிறது. நாள் முழுவதும் கருவியை அணிந்திருப்பது இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை.

குழந்தைகள்

பேசக் கற்றபின் கேட்கும் திறனை இழந்தவருக்குப் பழைய நினைவு துணை நிற்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு அத்தகைய நினைவு இல்லை. அக்குழந்தை கேட்கவும் பேசவும் ஒருங்கே கற்கிறது. இதில் காலம் மிக முக்கியம். கேட்டல் பகுதியில் எழும் மூளையலைகளை அளந்த அனு சர்மா குழுவினரின் 2002ஆம் ஆண்டு ஆய்வு, மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற குழந்தைகளின் மூளை விரைவில் வயதுக்கேற்ற நிலையை எட்டுவதையும், ஏழு வயதுக்குப் பின் பெற்றவர்களில் பெரும்பாலோர் எட்டாததையும் காட்டியது. பயன்படுத்தாத கேட்டல் பகுதியை மூளை வேறு பணிகளுக்கு எடுத்துக்கொள்வது இதற்கொரு காரணம். பிறவியில் கேளாதவர் வளர்ந்தபின் கருவி பொருத்தினால் ஒலிகளை உணர்வார். பேச்சைப் புரிந்துகொள்ளும் அளவு பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. பிறந்த குழந்தை கைதட்டலுக்கோ கதவு அடிக்கும் சத்தத்துக்கோ திரும்பாவிட்டால், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் செவித்திறன் பரிசோதனை செய்வதன் தேவை இந்த வயது வரம்பிலிருந்தே விளங்கும். சிகிச்சைக்குப் பின் பேச்சுப் பயிற்சியைத் தவறவிட்டால் கருவியின் பயன் பெருமளவு வீணாகிறது. வாரத்தில் சில மணி நேரம் பயிற்சியாளர் கற்பிப்பதை, மற்ற நேரமெல்லாம் வீட்டில் தாயும் தந்தையும் பாட்டியும் பேசிப் பேசித் தொடர வேண்டியிருக்கிறது.

காது கேளாதோர் சமூகத்தின் கேள்விகள்

காக்ளியர் கருவியை எல்லோரும் வரவேற்கவில்லை. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், காது கேளாமையை ஒரு நோயாகக் கருதாமல் தனி மொழியும் பண்பாடும் கொண்ட வாழ்க்கையாகக் காண்கின்றனர். குழந்தைகளுக்குக் கருவி பொருத்த ஒப்புதல் அளிக்கப்பட்டதை அமெரிக்கத் தேசியக் காது கேளாதோர் சங்கம் 1991இல் கண்டித்தது. தானே முடிவெடுக்க இயலாத குழந்தைக்காகப் பிறர் முடிவெடுப்பது முறையா, கருவியை நம்பிச் சைகை மொழியை மறுத்து, இரண்டும் கைகூடாமல் போனால் குழந்தை மொழியின்றி வளராதா என்பன அவர்கள் எழுப்பிய வினாக்கள். 2000ஆம் ஆண்டில் அச்சங்கம் தன் நிலையை மாற்றி, கருவியை இருக்கும் வழிகளுள் ஒன்றாக ஏற்றது. பெற்றோரின் தேர்வுரிமையையும் மதித்தது.

இவ்வினாக்களுக்கு இன்றும் பொருள் உண்டு. கருவி எல்லோருக்கும் ஒரே அளவு பயன் தருவதில்லை. வெளிப்பகுதியைக் கழற்றினால், குளிக்கும்போதும் உறங்கும்போதும், அணிந்தவர் மீண்டும் கேளாதவரே.

இன்றைய நிலை

அமைதியான இடத்தில் ஒருவரோடு உரையாடுவதில் பயிற்சி பெற்ற பலர் இன்று நல்ல நிலையை எட்டுகின்றனர். சந்தை, திருமண மண்டபம், இரைச்சலான வகுப்பறை போன்ற இடங்களில் கேட்பது இன்னும் கடினம். இசையில் தாளம் எளிதில் பிடிபடுகிறது. சுருதியின் நுண்ணிய வேறுபாடுகள் பெரும்பாலும் தெளிவாவதில்லை. ஏறத்தாழ 20 மின்முனைகளால் பல்லாயிரம் நரம்பிழைகளுக்கு முழுமையாக ஈடுகொடுக்க முடியாது.

பாரிஸ் நோயாளி சில சொற்களைப் பிரித்தறியப் பல மாதங்கள் பயின்றார். சாண்டர்ஸ் தாம் கேட்பதை ஆய்வாளர்களுக்குச் சொல்லிச் சொல்லியே செயலியை உருவாக்கத் துணைநின்றார். இன்று கருவியை முதல்முறை இயக்கும்போது கரகரப்பை மட்டும் கேட்கும் ஒருவருக்கு, அவர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு. அந்தக் கரகரப்பு கேட்டலின் தொடக்கம் என்பதையும், அடுத்த சில மாதங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் மருத்துவரும் பயிற்சியாளரும் அவருக்கு முன்கூட்டியே சொல்ல முடிகிறது.